சுக்கான் கல்

ஓசி என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், இந்தக் காலத்து ஜனம் எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது, ஏறி உட்கார்ந்துவிடும். வேன்காரன் ஆரனை அழுத்தினால் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருகிறார்கள். போகிற இடம் எழவு வீடா கட்சிக் கூட்டமா என்று பாதித் தூரம் போன பிறகுதான் விசாரிக்கிறார்கள். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு பஸ் நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டு சங்கிலிமுத்து இப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரும் அதே ஓசி வேனுக்குத்தான் நின்றார் என்பது வேறு விஷயம்.

எழுபத்திரண்டு வயசு. இடது இடுப்பு தேய்ந்து, கம்பு ஊன்றித்தான் நடை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், படித்ததை நம்பமாட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் உரித்த தேங்காய்ப் பருமனுக்கு ஏதோ ஒன்று கனத்துத் தொங்கியது.

"என்ன மச்சான் பையில? கட்டுச்சோறா?" என்று கேட்டாள் பொன்னுத்தங்கம். ஐம்பது வயசுக்காரி. பட்டாசுக் கம்பெனியில் இருபது வருசமாக மருந்து அடைக்கிறவள். அலுமினியப் பொடி ரேகைக்குள் ஏறிப்போய், எந்தச் சோப்புப் போட்டாலும் உள்ளங்கை ஈயம் பூசிய மாதிரி மினுங்கும். முறைக்கு அவருக்குக் கொழுந்தியாள். அந்த உரிமையில் வாயை அடக்கமாட்டாள்.

"சோறுதான். தின்னு பாரேன், பல்லு நிக்குதான்னு பாப்போம்."

வேன் வந்தது. தினமும் ஊர்ப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போகிற அதே வேன், அதே பாண்டிச்செல்வம். ஆள் பிடிப்பதும் அவன்தான், வண்டி ஓட்டுவதும் அவன்தான். சோதனைக்கு ஆபீசர்கள் வந்து சுற்றுவட்டாரக் கம்பெனிகளையெல்லாம் ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். வேலை இல்லாமல் பெண்கள் வீட்டில் கிடக்க, சூலக்கரைப் பக்கம் வருசா வருசம் நடக்கிற விவசாயக் கண்காட்சிக்கு ஆள் வேண்டுமென்று நடத்துகிறவர்கள் பாண்டிச்செல்வத்துக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். மூன்று நாள் கண்காட்சி. நாற்காலி நிறைய வேண்டும்.

பாண்டிச்செல்வம் ஒரு சாக்கைத் திறந்து பச்சைத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தான்.

"ஆளுக்கு ஒண்ணு. கழுத்துல போட்டுக்கோங்க. யாரு கேட்டாலும் வெவசாயின்னு சொல்லணும். கம்பெனி கிம்பெனின்னு வாயத் தொறந்தீக, சாப்பாட்டுப் பொட்டலம் கிடையாது."

"என்ன வெள்ளாமன்னு கேட்டா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"எதையாச்சும் சொல்லுத்தா."

"புஸ்வானம்னு சொல்லிருதேன். இந்த வருசம் நல்ல வெளச்சல்."

வேன் முழுக்கச் சிரித்தது. சங்கிலிமுத்துவிடமும் ஒரு துண்டை நீட்டினான். அவர் அதை வாங்கி, உட்காருகிற இடத்தைத் துடைத்து, மடித்து ஜன்னல் ஓரம் வைத்தார். நாற்பத்தெட்டு வருசம் கரிசலில் விழுந்து எழுந்தவனை விவசாயி என்று காட்ட இவன் துண்டு வேண்டுமாக்கும்.

முன் இருக்கையில் அவர் மருமகள் ரோஜா உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இந்த வேனில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு காரியம் அவளுக்கும் மாமனாருக்கும் இருந்தது.

இரண்டரை ஏக்கர் கரிசல் காடு அவருக்கு. புரட்டாசியில் மழை விழுந்தால் விதைக்கலாம். விதைக்கிறதுக்குப் பஞ்சமில்லை, டிராக்டர் இருக்கிறது. விதைத்த பிறகு களை எடுக்க ஆள் கிடையாது. ஊரில் குனிந்து நிமிரத் தெம்புள்ள பெண் அத்தனை பேரும் காலை ஏழு மணி வேனில் ஏறிவிடுகிறார்கள். போன வருசம் பருத்தி போட்டார். மகன் அன்பரசன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்: "எது பருத்தி, எது சாரணைக் களைன்னு நமக்குத் தெரியல. கடேசில மாடு வந்துதான் பிரிச்சுச்சு."

காட்டை ஒட்டிய கம்பெனிக்காரர் அதை விலைக்குக் கேட்கிறார். மருந்து அடைக்கப் புதிதாகப் பதினாறு ரூம் போடப் போகிறாராம். ரூமைச் சுற்றி இத்தனை அடி வெறும் இடமாகக் கிடக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். சும்மா போட்டு வைக்கிறதற்கென்றே ஒரு காட்டை வாங்குகிற பிறவியைச் சங்கிலிமுத்து இப்போதுதான் பார்க்கிறார். வருகிற புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில்தான் அன்பரசன் லோடு ஏற்றுகிறான். மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியாது. அப்பா சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

மூன்று நாளைக்கு முன்னால் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ரோஜாதான் ஆரம்பித்தாள்.

"மாமா, களை எடுக்க மிசினு வந்திருக்காம்ல. ஒரு ஆளு புடிச்சு நடந்தாப் போதுமாம். அது மட்டும் நமக்குச் சரிப்பட்டு வந்துச்சுன்னா நான் கம்பெனிக்குப் போகல. காட்டுக்கு வாரேன்."

அன்பரசன் தலையைச் சொறிந்தான். "சரி. கண்காட்சில வச்சு ஓட்டிக் காட்டுவாகளாம். போயிப் பாருங்க. இவ புடிச்சு ஓட்டிருவான்னு தெரிஞ்சா காட்டைக் குடுக்க வேண்டாம். இல்லாட்டி புதன்கிழமை கையெழுத்தப் போட்டு விடுங்கப்பா."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சங்கிலிமுத்துவுக்குத் தெரியும். பத்து மாசத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த ரூமுக்கு அடுத்த ரூம் வெடித்தது. ஒவ்வொரு ரூமுக்கும் எதிரும் புதிருமாக வாசல் வைத்திருப்பது ஓடுவதற்குத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் என்னவென்று பார்க்காதே, யாரையும் கூப்பிடாதே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. ரோஜா ஓடினாள். கூட வேலை பார்த்த பாண்டிமீனாவும் ஓடினாள்; ஆனால் மருந்து ரூமுக்குள் ஆகாதென்று வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எடுக்க ஒரு எட்டுத் திரும்பினாள். புதுச் செருப்பு. அடுத்த சத்தம் அதற்குள் வந்துவிட்டது. இப்போது பாண்டிமீனா வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கண்ணாடி மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்வி.

சாத்தூர் தாண்டியதும் வெயில் உறைத்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் வெடித்து, விரல் நுழைகிற பிளவோடு கிடந்தது. வேலிக் கருவேலைத் தவிர பச்சை என்று எதுவும் இல்லை. வேனுக்குள் மட்டும் இருபத்திரண்டு பச்சைத் துண்டு.

கண்காட்சித் திடலில் ரேடியோக் குழாய் அலறிக்கொண்டிருந்தது. நுழைந்ததும் முதல் கடை போர்வை. அடுத்தது ஊறுகாய். அதற்கடுத்து நூறு ரூபாய்க்கு மூன்று பிளாஸ்டிக் டப்பா. ஒரு பந்தலில் கொம்புக்குச் சாயம் அடித்த காளை ஒன்றைக் கட்டிப் போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரிசை நின்றது. காளை சலித்துப்போய் வாலைக்கூட அசைக்கவில்லை.

"வெவசாயக் கண்காட்சின்னான். போர்வை விக்கான்," என்றார் சங்கிலிமுத்து.

"வெதச்சுப்போட்டு போத்திப் படுக்க வேண்டாமா மச்சான்," என்றாள் பொன்னுத்தங்கம்.

பெரிய பந்தலில் உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக மைக்கைப் பிடித்து "உழவர் பெருமக்களே" என்றார்கள். ஒருத்தர் மருந்தடிக்கிற குட்டி விமானத்தைப் பற்றிப் பேசினார். ஒருத்தர் எல்லாவற்றுக்கும் போனிலேயே எழுதிப் போடலாம் என்றார். பெண்கள் கைதட்டச் சொன்னபோது தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் ராஜபாளையத்துப் பக்கத்துக்காரர் ஒருவர், நிஜமாகவே வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, பொன்னுத்தங்கத்திடம் அக்கறையாகக் கேட்டார்: "உங்க பக்கம் படைப்புழு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்கண்ணே," என்றாள் அவள். "குட்டி போட்டிருக்கு."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தக்காளிச் சோற்றுப் பொட்டலம் வந்தது. எண்ணெய் காகிதத்தில் ஊறி, அடியில் ஒரு முட்டை. சங்கிலிமுத்து சோற்றை மோந்து பார்த்துவிட்டு முட்டையை மட்டும் தின்றார். ரோஜா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"மாமா, மிசினு அங்கன இருக்கு. வாங்க."

தனியாக ஒரு சின்னப் பந்தல். நடுவில் லாரியில் கொண்டு வந்து கொட்டிய செம்மண், பத்தடிக்கு முப்பதடி. முந்தின நாளே தண்ணீர் தெளித்து, பெண்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்ட மாதிரி வரி வரியாகச் சீவி வைத்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் சிவப்பாக அந்த மிசின். கையால் பிடித்துத் தள்ள இரண்டு கைப்பிடி, அடியில் வளைந்த கத்திகள். பின்னாலேயே வந்த வேன் பெண்கள் அத்தனை பேரும் பந்தல் வாசலில் செருப்பைக் கழற்றி ஒரே வரிசையாகப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மற்ற ஜனம் செருப்போடுதான் நின்றது.

மிசின் கம்பெனிப் பையன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். சட்டையில் நவநீதகிருஷ்ணன் என்று அட்டை குத்தியிருந்தது.

"வாங்கய்யா. எந்தூருங்க?"

"இருக்கட்டும். இதைப் பொம்பளப்பிள்ளை ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாமுங்க. அக்கா, நீங்களே புடிச்சுப் பாருங்க. இந்த லீவரைப் புடிச்சா ஓடும், விட்டா நின்னுக்கும். அவ்ளோதானுங்க."

கயிற்றை இழுத்தான். மிசின் உறுமியது. ரோஜாவின் தோள் ஒரு தரம் தூக்கிப்போட்டது, பிறகு அடங்கியது. ஒரே சீராக வருகிற சத்தத்துக்குப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பயப்படுவதில்லை. அவர்கள் பயம் எல்லாம் ஒற்றைச் சத்தத்துக்குத்தான். அவள் கைப்பிடியைப் பற்றி நடந்தாள். கத்தி மண்ணைப் புரட்டிக்கொண்டே போனது. முதல் வரி கோணல். இரண்டாவது வரி நேர். மூன்றாவதில் திரும்புகிற இடத்தில் மிசினை இடுப்பால் ஒரு இடி இடித்துத் திருப்பினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"ஏ ரோசா, அப்பிடியே எங்க வீட்டு வாசலையும் உழுதுட்டுப் போ!" என்று கத்தினாள் பொன்னுத்தங்கம்.

ரோஜா சிரித்தாள். பத்து மாசத்தில் அவள் பல்லைச் சங்கிலிமுத்து இன்றைக்குத்தான் பார்த்தார். புரட்டிய மண்ணில் அவள் பாதம் வரிசையாகப் பதிந்திருந்தது. ஒரு நிமிஷம் அவருக்கு இது செம்மண் என்பதே மறந்துபோயிற்று. அவருடைய காடு, ஐப்பசி, முழங்கால் உயரம் பருத்தி, இடையில் இந்தப் பிள்ளை. காட்டை ஏன் கொடுக்க வேண்டும்?

அப்படி நினைத்த உடனேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு காரியம் இத்தனை லேசாக முடிந்தால் அதில் என்னவோ கோளாறு இருக்கிறது என்பது அவர் பாடம். லாரியில் வந்த மண்ணு. நேற்று நனைத்த மண்ணு. இதில் என் கம்பை விட்டு இழுத்தால்கூட உழும்.

பையை அவிழ்த்து உள்ளே இருந்ததை எடுத்தார். அவர் காட்டுக் கரிசல் கட்டி. வெயிலில் வெந்து, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கொடுக்கிற கட்டி. விடியற்காலையில் கடப்பாரையை வைத்து நெம்பி எடுத்து வந்தது.

"தம்பி, இதுல ஓட்டிக் காட்டு."

நவநீதகிருஷ்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, காஞ்ச மண்ணுல ஓட்டப்படாதுங்க. பதத்துல ஓட்டோணும்," என்றான்.

"கரிசலுக்குப் பதம்ங்கிறது ரெண்டு நாளு. முந்துனா காலைக் கவ்வும். பிந்துனா இந்தா, இதான்."

"அந்த ரெண்டு நாள்ல ஓட்டுங்க."

"ரெண்டு நாள்ல ரெண்டரை ஏக்கர் ஓட்டி முடிப்பியா நீ?"

"வேண்டாம் மாமா," என்றாள் ரோஜா, மிசினை விடாமலே. முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "அதான் நல்லா ஓடுதுல்ல."

"நல்லா ஓடுனா இதுலயும் ஓடட்டும்த்தா. வாங்குன பெறகா பாக்கது?"

குனிந்து, கத்திக்கு நேர் முன்னால், புரட்டிய செம்மண்ணில் கட்டியை வைத்தார். மூன்று எட்டுப் பின்னால் வந்து கம்பை ஊன்றிக்கொண்டார். "ம். விடு."

ரோஜா அவரை ஒரு தரம் பார்த்தாள். லீவரைப் பிடித்தாள்.

கத்தி கட்டியில் ஏறியது. கட்டி பிளந்தது. உள்ளே எலுமிச்சம்பழப் பருமனுக்கு ஒரு சுக்கான் கல் இருந்தது. கரிசலுக்கு அடியில் விளைகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கல். கத்தியில் அது பட்டு ‘டப்’பென்று ஒரே ஒரு சத்தம். பொடிந்து, வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது.

அவ்வளவுதான். ரோஜாவின் கை கைப்பிடியில் இல்லை. பந்தலில் ஒரு பெண் இல்லை. இருபத்தொரு பேரும் எதிர்ப்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்திகூடக் கத்தவில்லை. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாக் கடை சரிந்தது. போர்வைக் கடைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறினார்கள். பச்சைத் துண்டுகள் வழியெல்லாம் விழுந்து கிடந்தன. காளைகூட எழுந்து நின்றுவிட்டது. "உழவர் பெருமக்கள் யாரும் பதற்றப்பட வேண்டாம்," என்றது ரேடியோக் குழாய். செருப்போடு நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள்.

மிசின் ஒருக்களித்து விழுந்து அணைந்திருந்தது.

"என்னாச்சுங்கய்யா? பாம்புங்களா?" என்றான் நவநீதகிருஷ்ணன்.

சங்கிலிமுத்து பந்தல் வாசலுக்குப் போனார். இருபத்தொரு ஜோடிச் செருப்பு, கலையாமல், வரிசையாக இருந்தது. ரோஜாவின் செருப்பு அவருக்குத் தெரியும். வார் அறுந்த இடத்தில் நூலால் தைத்திருப்பாள். ஊக்குக் குத்தினால் கம்பெனி வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள், இரும்பு ஆகாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தார். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மருமகள் செருப்பு. பார்க்கிறவன் பார்க்கட்டும்.

திடலின் கடைசியில், தண்ணீர் லாரிக்குப் பின்னால் சுவரோரம் எல்லோரும் கூடியிருந்தார்கள். மூச்சு வாங்கி முடிந்து, சிரிப்பு ஆரம்பித்திருந்தது.

"நான் ஓடுன வேகத்துக்கு, அந்தச் செவுரு மட்டும் இல்லைன்னா எங்காத்தா வீட்டுக்கே போயிருப்பேன்," என்று பொன்னுத்தங்கம் நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

ரோஜா தள்ளி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து செருப்பைக் கீழே வைத்தார். அவள் பதறி எழுந்தாள்.

"நீங்க ஏன் மாமா தூக்கிட்டு வாரீக?"

"கல்லுத்தா அது. வெறும் சுக்கான் கல்லு. நம்ம காட்டுல கிடக்கதுதான்."

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே. நான் விடல மாமா. கையி அதுவா விட்டுருச்சு."

"ரெண்டு நாளு புடிச்சாப் பழகிரும்."

"பழகுனதுதான் மாமா இது." அவள் குரல் இறங்கியது. "இப்பிடி ஓடுறதை மறந்தாத்தான் அந்த மிசினை ஓட்ட முடியும். மறந்துட்டேன்னு வைங்க. மழை பொய்ச்சுப்போயி மறுபடி கம்பெனிக்குப் போனா, அங்க என்ன செய்வேன்? செருப்பை எடுக்கத் திரும்புவேன்."

அவளே மறுபடி கேட்டாள்.

"அந்தக் கட்டியைப் போடாம இருந்திருக்கலாம்ல மாமா? நல்லாத்தான ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"இங்கன இல்லாட்டி அங்கன. காடெல்லாம் கல்லு." சத்தமாகத்தான் சொன்னார். சொல்லும்போது தண்ணீர் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை கையெழுத்துப் போட்டுருங்க," என்றாள் ரோஜா. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாண்டிச்செல்வம் போனைக் காதில் வைத்தபடியே வந்தான். "ஏத்தா, சோதனை முடிஞ்சிருச்சாம். நாளைக்குக் கம்பெனி தொறக்காக. தீபாவளி ஆர்டர் அப்பிடியே நிக்குது. ஏழு மணிக்கு வேன். எல்லாரும் துண்டைத் திருப்பிக் குடுங்க, நாளைக்கு தாயில்பட்டி ஆளுகளுக்கு வேணும். எங்க துண்டு? ஏ, இருபத்திரண்டு இருந்துச்சே!"

"நாளைக்கு அவுகளுக்கும் கம்பெனி தொறந்திரும்லலே. யாரு வருவா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

பாண்டிச்செல்வம் அதை யோசித்திருக்கவில்லை.

சங்கிலிமுத்து வேனுக்குப் போகவில்லை. திரும்பிச் சின்னப் பந்தலுக்குப் போனார். நவநீதகிருஷ்ணன் செம்மண்ணை மறுபடி சீவிக்கொண்டிருந்தான். அவர் முழங்காலில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கரிசல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டார். கறுப்பு, சிவப்பில் நன்றாகத் தெரிந்தது. கல்லில் மிச்சம் இருந்த பாதியையும் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, கத்திக்கு ஒண்ணும் ஆகலீங்க. கல்லையே ஒடச்சிருக்குது பாருங்க. நல்ல மிசினுங்க."

"மிசினை நான் கொறை சொல்லல."

"அடுத்த வருசமும் வருவோமுங்க. யோசிச்சு வைங்க."

"நீங்க வருவீக தம்பி. நானும் வந்தேன்னே வச்சுக்கோ. எதுல ஓட்ட?"

அவனுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தான்.

வாசலில் காலேஜ் பிள்ளை ஒருத்தி அட்டையும் பேனாவுமாக மறித்தாள். "தாத்தா, ஒரே ஒரு கேள்வி. கண்காட்சி உங்களுக்குப் பயனுள்ளதா இருந்துச்சா? ஆமாவா, இல்லையா?"

அட்டையைக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். அதில் அதுவரை எழுதியிருந்த பெயர்கள் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே பக்கத்தில் டிக் அடித்திருந்தது.

"இம்புட்டுப் பேரும் ஆமான்னா சொன்னாக?"

"ஆமா தாத்தா."

"பெறகு என்னைய எதுக்குத்தா கேக்க?"

ரோட்டில் இறங்கினார். பஸ் நிறுத்தம் தூரத்தில் இருந்தது. பின்னால் வேன் ஆரன் அடித்தது. பொன்னுத்தங்கம் ஜன்னலில் கையை நீட்டி "மச்சான்" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வேன் அவரைத் தாண்டிப் போயிற்று. அதற்கும் பின்னால், திடலில், அந்தப் பையன் வேறு கூட்டத்துக்கு மிசினை ஓட்டிக் காட்டத் தொடங்கியிருந்தான். ஒரே சீரான சத்தம், தடங்கல் இல்லாமல், கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"செம்மண்ணு," என்றார் சங்கிலிமுத்து, நடந்துகொண்டே.